விராலி: வறண்ட மலைச் சரிவின் பசும்புதரை இனங்கண்டு, வளர்த்து, பயன்படுத்தும் முறை

சிறுமலை, அழகர்மலை, சவ்வாது மலை, கல்வராயன் மலை போன்றவற்றின் அடிவாரச் சரிவுகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் நடப்பவர்கள், சுற்றிலும் புல் காய்ந்து சருகாகிக் கிடக்கும்போது, ஆள் உயரத்துக்கு ஒரு புதர் மட்டும் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அதுதான் விராலி. புதுக்கோட்டை மாவட்டத்தின் விராலிமலைக்கு இச்செடியை வைத்தே பெயர் வந்தது என்று சொல்லப்படுவதிலிருந்து, நம் மக்கள் இதை எவ்வளவு காலமாக அறிந்திருக்கிறார்கள் என்பதை ஊகிக்கலாம். ஆயினும் இன்று மானாவாரி நிலமும் கல்காடும் வைத்திருக்கும் பலர், தங்கள் நிலத்தின் ஓரத்திலேயே நிற்கும் விராலியை வெட்டி எறிந்துவிட்டு, தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டிய வேலிச்செடிகளை விலை கொடுத்து வாங்கி வைக்கிறார்கள். அவர்களுக்காகவும், இச்செடியை முதன்முதலாகத் தெரிந்துகொள்ள விரும்புவோருக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. விராலியின் பயன்கள் பல. அவற்றை மலையிலிருந்து வெட்டி எடுத்து வருவதைவிட நம் நிலத்திலேயே விதைத்து வளர்த்து அடைவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

செடியைப் பற்றிச் சில அடிப்படைச் செய்திகள்

விராலியின் தாவரவியல் பெயர் டோடோனியா விஸ்கோசா. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளெமிய நாட்டு மருத்துவரும் தாவரவியலாளருமான ரெம்பர்ட் டோடோயன்ஸின் நினைவாக முதற்பகுதி இடப்பட்டது. இலையின் பிசுபிசுப்பை இரண்டாம் பகுதி குறிக்கிறது. பூந்திக்கொட்டை, முடக்கத்தான், லிச்சி, ரம்புத்தான் ஆகியவை இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. முடக்கத்தான் காயை உடைத்துப் பார்த்தவர்கள், மெல்லிய தாள் போன்ற மூன்று அறைகளையும் ஒவ்வோர் அறையிலும் இருக்கும் கருவிதையையும் நினைவில் வைத்திருந்தால், விராலிக் காயைப் பார்த்தவுடன் உறவு புரிந்துவிடும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செடியன்று. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹவாய்த் தீவுகள், ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, பாகிஸ்தானின் வறண்ட குன்றுகள், இமயமலையின் தாழ்ந்த சரிவுகள் என்று வெப்பமண்டலத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் இது பரவியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஐரோப்பியர்கள் பீர் காய்ச்சுவதற்கு ஹாப்ஸ் பூவுக்குப் பதிலாக இதன் காய்களைப் பயன்படுத்தினார்கள். ஹவாயில் இதன் சிவந்த காய்க்கொத்துகளை மாலையில் தொடுப்பதும் அவற்றிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பதும் வழக்கம். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இதன் கடினமான கட்டையில் ஆயுதங்கள் செய்தார்கள். இத்தனை நிலங்களில் வாழ்வதற்கு ஏற்ற உறுதி இச்செடிக்கு எங்கிருந்து வருகிறது என்பதை இலையும் விதையும் சொல்லும். அவற்றைப் பின்வரும் பகுதிகளில் அருகிலிருந்து பார்க்கலாம்.

முதற்படி: பிழையின்றி இனங்காணுதல்

புதியவர்கள் அவசரப்படக் கூடாத இடம் இதுதான். நம் வறண்ட சரிவுகளில் விராலி பெரும்பாலும் 1 முதல் 3 மீட்டர் உயரமுள்ள, அடியிலிருந்தே பல கிளைகள் பிரியும் புதராக இருக்கும். வெட்டுப்படாத இடங்களில் சிறு மரமாகவும் வளரும். இளங்கிளைகள் உருண்டையாக இல்லாமல் விளிம்பு பிடித்திருக்கும். முதிர்ந்த தண்டின் பட்டை செம்பழுப்பாக இருந்து மெல்லிய நார்களாக உரியும்.

இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரல் நீளம் இருக்கும்; அகலம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். நுனிக்குச் சற்றுக் கீழே அகன்று, அடிப்பக்கம் வரவரக் குறுகி, காம்பு என்று தனியாகச் சொல்ல முடியாத அளவுக்கு இலையே தண்டில் போய் ஒட்டிக்கொள்ளும். கிளையில் இலைகள் மாறிமாறி அமைந்திருக்கும். நேருக்கு நேராக இரண்டிரண்டாக இருந்தால் அது பாவட்டையாகவோ வேறு செடியாகவோ இருக்கக்கூடும். இனி, தளிர் இலையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெல்ல அழுத்தி விடுங்கள். விரல் ஒட்டி ஒட்டிப் பிரிவதை உணர்வீர்கள். இலையின் இரு பக்கங்களிலும் உள்ள நுண்ணிய சுரப்பிகள் வெளியிடும் பிசின்தான் இந்த ஒட்டலுக்கும் மினுமினுப்புக்கும் காரணம். வெயிலில் இலை இழக்கும் ஈரத்தைக் குறைப்பதற்கு இந்தப் பூச்சு உதவுகிறது. ஆடுமாடுகள் வாய் வைக்கத் தயங்குவதற்கும் இந்தப் பிசினும் கசப்புமே முக்கியக் காரணங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. மஞ்சள் அரளியின் இலையும் ஒடுக்கமாக, பளபளப்பாக இருக்கும். பூக்காத காலத்தில் தொலைவிலிருந்து பார்த்தால் புதியவர்கள் மயங்க இடமுண்டு. அரளி கொடிய நஞ்சு. ஆகவே எந்தச் செடியாக இருந்தாலும் முதலில் ஓர் இலையைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். கிள்ளிய இடத்தில் பால் வந்தால் அது விராலியாக இருக்க முடியாது. விராலியில் பால் வராது. கசக்கினால் பிசின் கலந்த வாடை மட்டும் எழும்.

ஐயத்தை முற்றாகப் போக்குவது காய்தான். விராலிப் பூவில் இதழ்கள் கிடையாது. வெளிர்மஞ்சளும் பச்சையும் கலந்த சிறு பூக்கள் கொத்தாக வந்து கண்ணில் படாமலே போய்விடும். பூ காயானதும் நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு காயிலும் பொதுவாக மூன்று, சிலவற்றில் இரண்டோ நான்கோ, மெல்லிய சிறகுகள் விரிந்திருக்கும். முதலில் இளம்பச்சையாகவும், பிறகு இளஞ்சிவப்பாகவும் செந்நிறமாகவும், முற்றியபின் வைக்கோல் நிறமாகவும் மாறும் இந்தச் சிறகுக் காய்கள், மாலை வெயில் படும்போது புதர் முழுவதும் பூத்தது போலக் காட்சி தரும். சிறகுகள் காற்றில் பறப்பதற்கு. உள்ளே இருப்பது கடுகைவிடச் சற்றுப் பெரிய, கறுத்த, உறுதியான விதை.

இரண்டாம் படி: விதை சேகரித்தல்

எங்கிருந்து எடுப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவதும் அங்கிருந்து இலை, விதை, விறகு எதையும் எடுத்து வருவதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றமாகும்; சரணாலயங்களுக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து பொருந்தும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கும் வழிவழியாகக் காட்டைச் சார்ந்து வாழ்வோருக்கும் சிறு வனப்பொருள்களின் மேல் உரிமை தருகிறது. அந்த உரிமை வெளியிலிருந்து செல்லும் நமக்குக் கிடையாது. எனவே உங்கள் சொந்த நிலத்திலோ, தெரிந்தவரின் பட்டா நிலத்திலோ நிற்கும் செடிகளைத் தேடுங்கள். மலையடிவாரக் கிராமங்களில் பெரும்பாலும் கிடைத்துவிடும். உரிமையாளரிடம் கேட்டு வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை; வேண்டாத புதர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

விராலியில் ஆண் செடியும் பெண் செடியும் பெரும்பாலும் தனித்தனியாக இருக்கும். மகரந்தத்தைக் காற்றே சுமந்து செல்கிறது. ஆகையால் காய்க்காத புதரைப் பார்த்து அது நோய்ப்பட்டது என்றோ வயதாகவில்லை என்றோ எண்ண வேண்டாம். அது ஆண் செடியாக இருக்கலாம். விதை எடுக்கும்போது ஒரே ஒரு செடியை உருவிவிடாமல், பத்துப் பதினைந்து செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நல்லது. பல தாய்ச்செடிகளின் விதை கலந்திருந்தால், வறட்சியும் பூச்சியும் வரும் ஆண்டுகளில் எல்லாச் செடிகளும் ஒன்றுபோல் விழுந்துவிடாது.

காய் முற்றும் மாதம் மழையையும் உயரத்தையும் பொறுத்து இடத்துக்கு இடம் மாறுவதால், நாள்காட்டியைவிட நிறத்தையே நம்ப வேண்டும். காய்கள் வைக்கோல் நிறத்துக்கு வந்து, தொட்டால் சலசலக்கும் பதத்தில், ஆனால் சிறகு பிளந்து விதை சிதறுவதற்கு முன்பாக, கொத்தோடு கையால் உருவிச் சாக்குப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். காற்று அடிக்கும் பிற்பகலில் போனால் பாதி பறந்துவிடும்; காலை வேளையே ஏற்றது. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்துக் கசக்கி, முறத்தில் இட்டுப் புடைத்தால் சிறகுகள் பறந்து கறுத்த விதை அடியில் தங்கும். சில காய்கள் வெறும் சிறகாகவே இருக்கும் என்பதால், ஒரு மூட்டைக் காய்க்கு ஒரு பிடி விதைதான் தேறியது என்று மனம் தளர வேண்டாம். உலர்ந்த விதையை மண் சட்டியிலோ கண்ணாடிப் புட்டியிலோ ஈரம் படாமல் வைத்தால் நீண்ட நாள் கெடாது.

மூன்றாம் படி: விதையை எழுப்புதல்

விராலி வளர்க்க முயன்று கைவிட்டவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தோற்றிருப்பார்கள். விதையைச் சேகரித்து அப்படியே பையில் ஊன்றினால், பலவும் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். விதை பழுதானதால் அப்படி நேர்வதில்லை. அதன் தோல் நீரை உள்ளே விடாத அளவுக்குக் கடினமானது. காட்டில் கோடை வெயிலின் சூடும், சில சமயம் தீயும், அந்தத் தோலில் சிறு திறப்பை உண்டாக்குகின்றன. அடுத்த மழையில் நீர் உட்புகுந்து விதை முளைக்கிறது. மலைச்சரிவில் தீப்பட்ட இடங்களில் விராலிக் கன்றுகள் கூட்டமாக எழுவதற்கு இதுவே காரணம். நாம் செய்ய வேண்டியது, அந்தச் சூட்டை அளவோடு வீட்டிலேயே தருவதுதான்.

ஒரு கிண்ணத்தில் விதையை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு பாத்திரத்தில், விதையின் அளவைப் போலக் குறைந்தது ஐந்தாறு மடங்கு தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியவுடன் விதையின் மேல் ஊற்றுங்கள். அடுப்பின் மேலேயே விதையைப் போட்டு வேகவைத்துவிடக் கூடாது. நெடுநேரச் சூடு உள்ளிருக்கும் முளையைக் கொன்றுவிடும். ஊற்றிய நீர் தானாக ஆறட்டும்; அப்படியே ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் காலையில் மேலே மிதப்பவற்றை அகற்றிவிட்டு அடியில் கிடப்பவற்றை வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். நீர் ஏறிய விதைகள் உப்பி, முன்பிருந்ததைவிடத் தெளிவாகப் பெரிதாகத் தெரியும்; தோல் மென்மையாகி நகத்தால் அழுத்தினால் இடம் கொடுக்கும். மாறாமல் சிறுத்து, கல்லைப் போல உருளுபவை இன்னும் நீர் ஏறாதவை. உப்பியவற்றை உடனே விதைத்துவிட்டு, மற்றவற்றுக்கு இன்னொரு முறை வெந்நீர் ஊற்றலாம். வெந்நீர் வேண்டாம் என்போர், இரண்டு உப்புத்தாள்களுக்கு இடையில் விதையை வைத்து மேல்தோல் சற்றுத் தேயும்வரை உரசி, பிறகு குளிர்ந்த நீரில் ஊறவைக்கலாம். சிறிய அளவுக்கு இது நல்ல முறை, பெரிய அளவுக்குக் கை வலிக்கும்.

முழு விதையையும் ஒரே நாளில் வெந்நீரில் இடுவதற்கு முன்பு, ஒரு சிட்டிகை விதையை மட்டும் வைத்துச் சோதித்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஒவ்வொரு செடியின் விதைத்தோலும் ஒரே கடினத்தில் இருப்பதில்லை.

நான்காம் படி: நாற்றங்கால்

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்ற கலவை போதும். உரத்தைக் கூட்டினால் கன்று கொழுகொழுவென்று வளரும். ஆனால் அத்தகைய கன்று வறண்ட சரிவில் நட்டவுடன் துவண்டுவிடும். பையின் அடியில் நீர் வடியத் துளைகள் இருக்க வேண்டும். விராலி வறட்சியைத் தாங்குவது போல நீர்தேக்கத்தைத் தாங்காது. பைக்கு இரண்டு மூன்று விதை வீதம், விதையின் பருமன் அளவே ஆழத்தில் இட்டு, மேலே மெல்ல மணல் தூவிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். சரியாக வெந்நீர் கண்ட விதை இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கத் தொடங்கும்.

முதல் சில வாரங்களுக்கு நிழல்வலையோ தென்னங்கீற்று நிழலோ வேண்டும். நான்கைந்து இலை விட்டதும் பைக்கு ஒரு கன்று மட்டும் வைத்து மற்றவற்றைக் களைந்துவிட்டு, படிப்படியாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். நடுவதற்கு முந்தைய ஒரு மாதம் முழு வெயிலில், தண்ணீரைக் குறைத்து வைத்திருக்க வேண்டும். ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் உயரமும், பென்சிலில் பாதிப் பருமனுள்ள தண்டும் வந்துவிட்டால் கன்று தயார். பையை விட்டு வேர் தரையில் இறங்கிவிடாதபடி அவ்வப்போது பைகளை இடம் மாற்றி வைப்பதை மறக்கக் கூடாது. பலர் இதைச் செய்யாமல் விட்டு, நடும் நாளில் ஆணிவேரை அறுத்துவிடுகிறார்கள்.

கடைகளிலும் அலங்காரச் செடிப் பண்ணைகளிலும் ஊதா நிற இலை கொண்ட விராலி விற்கப்படுவதுண்டு. அது நியூசிலாந்தில் தெரிந்தெடுக்கப்பட்ட வகை. வீட்டு முற்றத்துக்கு அழகுதான். ஆனால் மலையடிவார நிலத்துக்கு அருகிலிருக்கும் காட்டு விராலியின் விதையே பொருந்தும்.

ஐந்தாம் படி: நடவு

வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களில் ஐப்பசியின் முதல் நல்ல மழைக்குப் பிறகு நடலாம். மேற்கு மலையோரத்தில் தென்மேற்குப் பருவமழையின் தொடக்கமே ஏற்ற காலம். மண் ஒரு முழம் ஆழத்துக்கு ஈரம் கண்டிருக்கிறதா என்று கடப்பாரையால் குத்திப் பார்த்துவிட்டு நடுங்கள். ஒரு தூறலைப் பார்த்து அவசரப்பட்டு நட்டால், அடுத்த மழை தாமதிக்கும்போது கன்றுகள் கருகும்.

உயிர்வேலிக்காக நடுவதென்றால் ஒன்றரை அடி முதல் இரண்டடி இடைவெளியில் இரண்டு வரிசைகளாக, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக மற்ற வரிசையின் கன்று வரும்படி நட வேண்டும். ஒற்றை வரிசை வேலியில் ஒரு செடி பட்டாலும் ஆடு நுழையும் சந்து உண்டாகிவிடும். கிளுவை வேலி போடும் வழக்கமுள்ள கொங்குப் பகுதியில், கிளுவைப் போத்துகளுக்கு இடையிடையே விராலியை வைத்தால், முள்ளும் தழையும் சேர்ந்து வேலி அடர்த்தியாகும். கிளுவை இலையுதிர்த்து நிற்கும் கோடையிலும் மறைப்பு குறையாது.

மண்ணரிப்பைத் தடுப்பதற்காகச் சரிவில் நடுவதென்றால் முறை வேறு. மேலிருந்து கீழாக வரிசை போடக் கூடாது; சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் செல்லும் கோட்டில், மூன்று அல்லது நான்கடிக்கு ஒன்றாக நட வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் சிறு கரை கட்டி, மேலிருந்து வரும் நீர் குழியில் தங்கும்படி செய்யுங்கள். குழி ஒரு கன அடி இருந்தால் போதும். பாறைப் பாங்கான இடத்தில் குழி வெட்ட முடியாதபோது, வெந்நீர் கண்ட விதையையும் காணாத விதையையும் சமமாகக் கலந்து, கொத்தால் கீறிய கோடுகளில் மழைக்கு முந்தைய வாரம் தூவி மண்ணால் மூடிவிடலாம். வெந்நீர் கண்டவை இந்த மழைக்கு முளைக்கும். மற்றவை மண்ணிலேயே காத்திருந்து பின்னர் வரும் மழைகளில் முளைக்கும். முதல் மழை பொய்த்தாலும் விதை முழுவதும் வீணாகிவிடாது என்பதால் இந்த முறையை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நட்ட முதலாண்டில் மழை இல்லாத வாரங்களில் உயிர்நீர் கொடுக்க வேண்டும். அடியில் காய்ந்த தழை போட்டு மூடினால் அதுவும் குறையும். ஆடுகள் விராலியைப் பொதுவாகத் தின்பதில்லை என்றாலும் மந்தையின் காலில் பட்டு இளங்கன்று முறிந்துவிடும். கடும் பஞ்சத்தில் கடித்தும் பார்க்கும். ஆகவே முதலாண்டு மட்டும் முள்படல் வைத்துக் காக்க வேண்டும். அதற்குப் பிறகு இந்தச் செடி உங்களிடம் எதையும் கேட்காது.

ஆறாம் படி: பயன்கொள்ளுதல்

கன்று முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். வேலியை ஆண்டுக்கு இரண்டு முறை, பச்சை இலையுள்ள பகுதிவரை மட்டும் கவ்வாத்து செய்வது போதும். அப்படி வெட்டிய தழைதான் முதல் விளைச்சல். விராலித் தழையை நெல் வயலில் மிதித்துத் தழையுரமாக்குவது தென்னிந்தியாவின் பழைய பழக்கம். புங்கந்தழையோ கொழிஞ்சியோ போல இது தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தரும் இனத்தைச் சேர்ந்ததன்று. ஆகையால் அவற்றோடு கலந்து இடுவது நல்லது. பிசின் உள்ள இலை மட்க நாளாகும் என்பதால் நடவுக்குச் சில வாரங்கள் முன்பே மிதித்துவிட வேண்டும்.

முதிர்ந்த தண்டுகள் கடினமானவை. கூரைக்கு வரிச்சுக் குச்சியாகவும், தக்காளி, அவரை போன்றவற்றுக்கு ஊன்றுகோலாகவும், மண்வெட்டி, கொத்து ஆகியவற்றின் சிறு கைப்பிடியாகவும் பயன்படும். விறகாக இது மிக நன்றாக எரியும். இலையிலுள்ள பிசினால் அரைப்பச்சையாக இருக்கும்போதே தீப்பிடித்துக்கொள்ளும். இந்தக் குணமே ஆபத்தும் ஆகும். கூரை வீடு, வைக்கோற்போர், மாட்டுக் கொட்டகை ஆகியவற்றை ஒட்டி விராலி வேலி வைக்கவே கூடாது. நன்றாக இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் கோடை தொடங்குமுன் சருகைக் கூட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

மருந்துப் பயனைப் பற்றிக் கேட்பவர்களே மிகுதி என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிபட்ட வீக்கம், சுளுக்கு, மூட்டுவலி ஆகியவற்றுக்கு விராலி இலையை வதக்கிக் கட்டுவதும், இலையை அரைத்துப் பற்றுப் போடுவதும், எலும்பு முறிவுக் கட்டுகளில் மற்ற மூலிகைகளோடு சேர்ப்பதும் நம் நாட்டு வைத்தியத்திலும் மலைவாழ் மக்களிடமும் வழிவழியாக வருபவை. சுளுக்குக்குக் கட்டும் எளிய முறை இதுதான்: நோயில்லாத, தூசி படாத இலைகளை இரண்டு கைப்பிடி பறித்துக் கழுவி ஈரம் போகத் துடைத்து, இரும்புச் சட்டியில் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் விட்டு, இலை துவண்டு நிறம் மங்கும்வரை மிதமான தீயில் வதக்க வேண்டும். புறங்கையில் வைத்துச் சூடு தாங்கும் அளவா என்று பார்த்துவிட்டு, மெல்லிய பருத்தித் துணியில் பரப்பி வீங்கிய இடத்தின் மேல் வைத்துத் தளர்வாகக் கட்ட வேண்டும். சூடு ஆறியபின் அவிழ்த்துவிடலாம்.

இதில் சில கட்டுப்பாடுகள் உண்டு. அவற்றை விட்டுக்கொடுக்க இடமில்லை. முதன்முறை பயன்படுத்துவோர், முன்கையில் சிறிதளவு தடவி ஒரு நாள் பொறுத்து, அரிப்போ சிவப்போ இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். திறந்த புண்ணிலும் கண்ணுக்கு அருகிலும் படக் கூடாது. எலும்பு முறிந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், அதாவது அந்த உறுப்பை ஊன்ற முடியாமலோ அதன் வடிவம் மாறியோ இருந்தால், இலையைத் தேடிப் போகாமல் மருத்துவமனைக்குச் சென்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். விராலியில் சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள்கள் உள்ளன. சில நாடுகளில் மீனை மயக்கிப் பிடிக்கவே இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எனவே தகுதி பெற்ற சித்த மருத்துவர் நேரில் பார்த்துச் சொன்னாலன்றி, கஷாயமாகவோ பொடியாகவோ இதை உட்கொள்ள வேண்டாம். கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அறவே கொடுக்கக் கூடாது.

இலை பறிக்கும்போது ஒரு கிளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், முதிர்ந்த இலைகளையே பறித்து நுனித் தளிரை விட்டுவிட்டால் செடி தளராது. பறித்த இலை ஒன்றிரண்டு நாள் வாடாமல் இருக்கும். அதற்கு மேல் வைக்க வேண்டியிருந்தால் நிழலில் உலர்த்தலாம். வெயிலில் உலர்த்தினால் பிசின் இறுகி இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

வேலியைப் புதுப்பித்தல்

ஏழெட்டு ஆண்டுகளில் வேலியின் அடிப்பகுதி இலையின்றி வெறும் தண்டாகத் தெரியத் தொடங்கும். அப்போது எல்லாச் செடிகளையும் ஒரே சமயத்தில் வெட்டிவிடாமல், முதலாண்டு பருவமழைக்குச் சற்று முன்பு ஒன்றுவிட்டு ஒரு செடியாக முழங்கால் உயரத்தில் வெட்டுங்கள். அடுத்த ஆண்டு மீதமுள்ளவற்றை வெட்டலாம். வெட்டியவற்றில் சில துளிர்க்காமல் போகலாம். அந்த இடங்களுக்கு, பெண் செடிகளின் கீழே தாமாக முளைத்திருக்கும் கன்றுகளை மழை நாளில் வேர்மண்ணோடு பெயர்த்து நட்டுவிடலாம். அதற்காகவும் விதைக்காகவும் ஐந்தாறு பெண் செடிகளை வேலியிலேயே கவ்வாத்து செய்யாமல் ஓங்கி வளர விட்டு வைப்பது வழக்கமாக இருக்கட்டும். அடுத்த ஊர்க்காரர் விதை கேட்டு வந்தாலும் கொடுக்க அது உதவும்.